இரத்தமா, கிணறா? வாசகர் கேள்விகளும் டொக்டரின் பதில்களும்

சென்ற மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "சில சிறுநீரக வருத்தங்கள் பரம்பரையாகவும் வரும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது என் மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. பாதிக்கு மேல் பெயரில்லாதவை. ஒன்றில் மட்டும் பெயர் எழுதி, பிறகு நீலப் பேனையால் அழுத்தி அழுத்தி அழித்திருந்தது. அந்த அழித்த இடத்தைக் கண்ட பிறகுதான் இந்த மாதம் பக்கம் முழுவதையும் இதற்கே தருவது என்று முடிவெடுத்தேன். எவருடைய பெயரையும் போடவில்லை. ஊர் வேண்டாம் என்றவர்களுக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. அப்பாவுக்கு இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள். 56 வயதில் டயாலிசிஸ் தொடங்கி, கிழமைக்கு இரண்டு தரம் போய் வருகிறார். அப்பாவின் அக்காவும் கிட்னி வருத்தத்தில்தான் மோசம் போனவ. எனக்கு 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம். வெளியில் ஒருவருக்கும் மூச்சு விடாதே என்கிறா அம்மா. எங்களுக்கும் வருமா டொக்டர்? இது யார் செய்த பாவம்? (ஒட்டுசுட்டான்)

பதில்: பாவம் ஒன்றுமில்லை தங்கச்சி. அந்தச் சொல்லை முதலில் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் அப்பாவும் மாமியும் பிறக்கும்போதே உடலின் எழுத்தில் ஒரு பிழையோடு பிறந்தவர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது பல்நீர்ப்பைச் சிறுநீரக நோய் மாதிரியே இருக்கிறது. பரம்பரைச் சிறுநீரக நோய்களில் ஆகக் கூடுதலாகக் காணப்படுவது இதுதான். 400 முதல் 1000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்வார்கள். உங்கள் வீட்டில் மட்டும் வந்த அபூர்வமான சாபம் என்று நினைக்க வேண்டாம்.

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்த காலத்தில், ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இப்படிப்பட்ட சிறுநீரகம் ஒன்றை வைத்துக் காட்டினார்கள். சாதாரணச் சிறுநீரகம் கைப்பிடியளவுதான், ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் நீளம். சாடிக்குள் இருந்தது தேங்காயைவிடப் பெரியது. மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு முத்தையன்கட்டுக் குளத்தின் ஓரத்தில் தவளை முட்டைகள் கும்பலாக மிதக்குமே, சிறிதும் பெரிதுமாக, உள்ளே தண்ணீர் தெரிகிற மாதிரி? அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நடுவில் நல்ல சதை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அது எப்படி அப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட குழாய். குழாயின் சுவர் கலங்களால் கட்டப்பட்டது. அநேகமாக ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஒரேயொரு நுண்மயிர் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பிசிர் என்கிறோம். வெளியில் என்ன நடக்கிறது என்று கலத்துக்குச் சொல்கிற உணர்கொம்பு அது. அந்த மயிரில் பொலிசிஸ்டின் 1, பொலிசிஸ்டின் 2 என்று இரண்டு புரதங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. "நீ குழாயின் சுவர், ஒழுங்காக நில், சும்மா பெருகாதே" என்ற கட்டளை கலத்துக்குப் போவது இவை இருப்பதால்தான். முதல் புரதத்தைச் செய்யச் சொல்லும் எழுத்து, அதாவது பரம்பரையலகு (ஜீன்), 16ஆவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது, 1994இல் கண்டுபிடித்தார்கள். இரண்டாவதுக்கு உரியது 4ஆவதில், 1996இல் கண்டுபிடித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பிழை 16ஆவதில்தான். உங்கள் அப்பாவைப் போல ஐம்பதுகளில் சிறுநீரகம் கைவிடுவது அந்த வகையின் வழக்கம். 4ஆவதில் பிழை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எழுபதைத் தாண்டித்தான் அந்த நிலை வரும், சிலருக்கு வராமலே போகும்.

பிறக்கும்போதே பிழை இருந்தும் ஏன் இருபது முப்பது வருடம் ஒன்றும் தெரியவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் பிழை இருந்தாலும், அம்மாவிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று எல்லாக் கலத்திலும் இருக்கிறது. காலப்போக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கலங்களில் அந்த நல்ல பிரதியும் கெட்டுப் போகும். அப்படிப்பட்ட கலம்தான் கட்டளை கேட்காமல் பெருகி, உள்ளே நீரைச் சுரந்து, பலூன் போல ஊதி, ஒரு கட்டத்தில் குழாயிலிருந்தே கழன்று தனிப் பையாகிறது. பத்து இலட்சத்தில் ஒரு சிறு பங்குக்குத்தான் இது நடக்கிறது. ஆனால் ஊதிய பைகள் பக்கத்தில் உள்ள நல்லவற்றை நெரித்துவிடுகின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். பாதிக்கப்பட்ட ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர 50 வீத வாய்ப்பு. காசு சுண்டுவது போல. அக்காவுக்கு வந்துவிட்டது, ஆகவே தங்கச்சி தப்பிவிடுவாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. இது தலைமுறையைத் தாண்டியும் பாயாது. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் அப்பாவின் வழியில் உங்கள் பிள்ளைகளுக்கு இது வராது. ஆகவே முதலில் ஸ்கான் செய்ய வேண்டியவர் நீங்கள். குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறதென்றால், அங்கே 15 முதல் 39 வயதுக்குள் உள்ள ஒருவருக்கு இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து மூன்று நீர்ப்பைகள் தெரிந்தாலே நோய் என்று எடுப்போம். ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் வயதில் நிம்மதியாக மூச்சு விடலாம். நாற்பது தாண்டி இன்னொரு தரம் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பிள்ளைகளை ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டாம். வருடத்துக்கு ஒரு தரம் இரத்த அழுத்தம் பார்த்தால் இப்போதைக்குப் போதும். இந்த நோயில் சிறுநீரகம் பழுதாக முன்பே பிரஷர் ஏறிவிடுகிறது. அந்தப் பிரஷரைக் குளிசையால் அடக்கி வைப்பதுதான் எங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். அடுத்தது உப்பு: ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, கருவாடும் ஊறுகாயும் அதற்குள் அடக்கம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் கிளினிக்கில் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். நாரி நோகிறது என்று கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நீர்ப்பை வளரும் வேகத்தைக் குறைக்கிற டொல்வப்டான் என்ற மருந்தும் இருக்கிறது. விலை அதிகம், ஈரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரக விசேட வைத்தியர் பார்த்து முடிவெடுக்க வேண்டியது அது.

இனித் தங்கச்சியின் கலியாணம். அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. நானும் இந்த மண்ணில்தான் வளர்ந்தேன், கலியாணம் பேசுகிற இடத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: மூடி வைத்த வீடுகளில்தான் நான் மரணத்தைக் கண்டிருக்கிறேன். என் சின்னம்மா ஒருவர் தலையிடி, தலையிடி என்று மூன்று வருடம் பனடோல் போட்டார். அவருடைய அண்ணனுக்கு இதே நோய் இருந்தது குடும்பத்தில் இருவருக்கு மட்டும் தெரியும், அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒரு தரமாவது பிரஷர் பார்த்திருந்தால் சின்னம்மா இன்றும் இருந்திருக்கக்கூடும். மூளையின் இரத்தக்குழாய் வெடித்து 41 வயதில் போனார். இந்த நோய் உள்ள சிலருக்கு மூளைக் குழாயில் அப்படியொரு வீக்கமும் இருக்கும், ஈரலிலும் நீர்ப்பைகள் வரும். தங்கச்சியை முதலில் ஸ்கானுக்கு அனுப்புங்கள். இல்லையென்று வந்தால் மூடவே ஒன்றுமில்லை. இருக்கிறதென்று வந்தால், கட்டப் போகிறவருக்குக் கலியாணத்துக்கு முன்னமே தெரிய வேண்டும். இந்த நோயோடு பிள்ளை பெற்று வளர்த்து, வேலைக்குப் போய் ஓய்வூதியம் எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு வேலை தருகிறேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குடும்ப மரத்தை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் வயதும் காரணமும். வன்னியில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் வரைந்த மரங்களில் ஒரே தலைமுறையில் நான்கு சதுரங்கள், நான்கிலும் கோடு, நான்குக்கும் பக்கத்தில் "2009". அவர்களுக்கு 22 முதல் 30 வரை வயது. அவர்களில் யாரிடம் இந்தப் பிழை இருந்தது என்று இனி எவருக்கும் தெரியாது, நோய் காட்டுகிற வயதுவரை அவர்களை விடவில்லை. ஒரு தாய் அந்தக் கோடுகளைப் போட வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். போடாமல் விட்டேன். மிச்சமிருக்கிற பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்பப்பா எதில் போனார், அவருக்குக் கடைசிக் காலத்தில் வயிறு ஊதியிருந்ததா, சலத்தில் இரத்தம் போனதா என்று.

கேள்வி: எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா மூன்று பேருக்கும் கிட்னி பழுது. மூவரும் வயல் வேலை. இது பரம்பரை என்று ஊரில் சொல்லி எங்களிடம் பெண் எடுக்கத் தயங்குகிறார்கள். உண்மையா? (செட்டிகுளம்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே இரத்தம், சரி. உங்கள் அம்மா? அவர் அனுராதபுரம் பக்கத்திலிருந்து கலியாணம் செய்து வந்தவர், தங்களுக்குள் முன்பு எந்தச் சொந்தமும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூவருக்கும் பொதுவானது இரத்தமா, கிணறா? கிணறு, வயல், வெயில், மருந்தடிக்கிற டாங்கி, எல்லாம் பொது.

வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கவனிக்கப்பட்டு வரும், காரணம் நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நீரிழிவோ நெடுநாள் பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கு மெல்ல மெல்ல வருவது. தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமிநாசினி, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். இதுதான் ஒரே காரணம் என்று எவரும் இன்னும் நிறுவவில்லை. ஒரே வீட்டில் பலருக்கு வருவதால் பரம்பரை மாதிரித் தோன்றும். ஸ்கானில் வித்தியாசம் தெரியும்: முதல் கடிதத்தில் சொன்ன நோயில் சிறுநீரகம் பெருத்து நீர்ப்பைகளால் நிறைந்திருக்கும், இந்த நோயில் போகப்போகச் சுருங்கும். மூவரின் ஸ்கான் அறிக்கையையும் கிளினிக் கொப்பியில் ஒட்டி வைத்துக்கொண்டு விசேட வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். வடிகட்டிய தண்ணீருக்கு மாறுங்கள். நீங்களும் வருடத்துக்கு ஒரு தரம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனை செய்து பாருங்கள். நீங்களும் அதே கிணற்றில் குடித்து, அதே வயலில் நின்று வளர்ந்தவர்தானே.

கேள்வி: நான் என் மாமாவின் மகளை விரும்புகிறேன், இரண்டு வீட்டிலும் சம்மதம். என் தம்பி 12 வயதில் கிட்னி செயலிழந்து இறந்தவன். நெப்ரோனொப்தைசிஸ் என்று துண்டில் எழுதியிருந்தது. அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள். கட்டலாமா? (மல்லாவி)

பதில்: இதை வெட்கப்படாமல் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன்: "இரவில் எழும்பி எழும்பிச் செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பான், பாய் நனையும், அம்மா அடிப்பா." அம்மாவை நோகாதீர்கள். அது அந்த நோயின் முதல் அடையாளம் என்று பல வைத்தியர்களுக்கே உடனே தோன்றாது. சிறுநீரகத்தால் நீரை இறுக்கிப் பிடிக்க முடியாமல் போகிறது. ஆகவே சலம் வெளிறிப் போகும், பிள்ளைக்கு விடாய் அடங்காது, வளர்த்தி குறையும், முகம் வெளுக்கும். பிரஷரும் ஏறாது, காலும் வீங்காது. ஆகவே கண்ணில் படாமல் பதின்மூன்று வயதளவில் சிறுநீரகம் நின்றுவிடுகிறது.

இதிலும் பழுதடைவது மேலே சொன்ன அதே நுண்மயிர்தான். அதன் அடியில் காவல் நிற்கிற புரதங்கள் சரியாக அமையவில்லை. ஆனால் பரம்பரைக் கணக்கு வேறு. இங்கே ஒரு பிரதி கெட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் கெட்டால்தான் நோய். உங்கள் அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு கெட்ட பிரதி வைத்திருந்த சுகதேகிகள். சொந்தத்துக்குள் கட்டியதால் ஒரே பாட்டனின் பிழை இரண்டு பக்கமாகவும் இறங்கி வந்து தம்பியிடம் சந்தித்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள், ஆகவே உங்களிடம் ஒரு கெட்ட பிரதி இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அம்மாவிடம் இருப்பது நிச்சயம், ஆகவே அவருடைய அண்ணனான உங்கள் மாமாவிடம் இருக்க இரண்டில் ஒன்று, மாமாவின் மகளிடம் இருக்க நான்கில் ஒன்று. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 24இல் 1 வருகிறது. மாமி வழியிலும் சொந்தம் இருந்தால் இன்னும் கூடும். வெளியில் ஒரு பெண்ணைக் கட்டினால் இந்த நோய்க்கான வாய்ப்பு இதில் ஒரு சிறு பங்குதான்.

கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் மாமன் மகளுக்கு உள்ள உரிமை என்ன என்று எனக்குத் தெரியும். முதலில் அம்மா அப்பாவின் இரத்தத்தில் அந்தப் பிழை எந்தப் பரம்பரையலகில் என்று பார்க்க வேண்டும். இந்த நோய்க்குக் காரணமான பரம்பரையலகுகள் பல, ஆகக் கூடுதலாகக் காணப்படுவது 2ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு முழுவதாக இல்லாமல் போவது. அது தெரிந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் உங்களிடமும் மச்சாளிடமும் தேடினால் போதும். இருவரில் ஒருவரிடம் இல்லையென்றாலே உங்கள் பிள்ளைகளுக்கு இது வராது, பந்தலைப் போடலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனிதப் பிறப்புரிமையியல் அலகு போன்ற இடங்களுக்கு உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். நோயின் பெயர் எழுதிய தம்பியின் அந்தத் துண்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். அதை அம்மா இன்னும் வைத்திருக்கிறா என்று எழுதியிருந்தீர்கள்.

கேள்வி: நெருஞ்சிமுள் அவித்துக் குடித்தால் நீர்க்கட்டி கரையுமா? (நெடுங்கேணி)

பதில்: கரையாது. நீர்ப்பை கல் அல்ல, கரைவதற்கு. நாட்டு மருந்து எல்லாவற்றையும் நான் ஒதுக்குபவள் அல்ல, ஆனால் ஆடுதின்னாப்பாளை இனத்து மூலிகைகளில் உள்ள அமிலம் சிறுநீரகக் குழாய்களை அழிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. என்ன வேர் என்று தெரியாத கசாயம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 11 வயது. தடிமன் காய்ச்சல் வரும்போதெல்லாம் சலம் தேத்தண்ணிச் சாயம் போலப் போகிறது, இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். சூடு என்று இளநீர் கொடுப்பேன். என் அண்ணா 27 வயதில் கிட்னி பழுதாகி இறந்தவர், அவருக்குக் காதும் மந்தம். செல் வெடித்த சத்தத்தில் காது போனது என்றுதான் நினைத்தோம். இரண்டுக்கும் தொடர்பிருக்குமா? (கிளிநொச்சி)

பதில்: அம்மா, இந்த இதழ் கைக்கு வந்த கிழமையே மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பயப்படுத்தவில்லை. தடிமனோடு சலத்தில் இரத்தம் போக வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் சில தானாகவே மாறும். ஆனால் தாயின் சகோதரனுக்குச் சிறுநீரகமும் காதும் சேர்ந்து பழுது, இப்போது மகனின் சலத்தில் இரத்தம் என்றால், அல்போர்ட் நோயா என்று பார்க்காமல் விடக்கூடாது. 1927இல் சிசில் அல்போர்ட் என்ற வைத்தியர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அதில் ஆண்களுக்குச் சலத்தில் இரத்தமும் காது மந்தமும் வந்து இளம் வயதில் போனார்கள், பெண்கள் நெடுங்காலம் இருந்தார்கள்.

சிறுநீரக வடிகட்டியில் ஒரு மெல்லிய மென்சவ்வு இருக்கிறது. அதைத் தாங்குவது நான்காம் வகைக் கொலாஜன் என்ற நார். முல்லைத்தீவுக் கரையில் கயிறு திரிப்பதைக் கண்டிருப்பீர்கள். மூன்று புரி சேர்ந்தால்தான் கயிறு. இந்த நாரும் மூன்று புரி. குழந்தை பிறக்க முன் சிறுநீரகம் ஒரு வகைக் கயிறால் கட்டப்படும், பிறகு அதைவிட உறுதியான இன்னொரு வகைக்கு மாறும். அந்த இரண்டாவது கயிறின் ஒரு புரிக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதில் பிழை என்றால் மூன்று புரியும் சேராது. பழைய கயிறே நின்று இழுக்கும், வருடக்கணக்கில் அறுந்து அறுந்து இரத்தக் கலங்களை வழிய விடும். அதே கயிறு உட்காதிலும் கண்வில்லையிலும் இருக்கிறது. அண்ணாவின் காதுக்குச் செல் சத்தம்தான் காரணமா என்று எனக்கு இங்கிருந்து சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகளுக்கு எது வந்தாலும் போர் மேல் போட்டுவிட்டு அடுத்த காரணத்தைத் தேடாமல் விடுகிறோம், இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. ஆகவே உங்களுடைய சலத்தையும் சோதியுங்கள். "நீங்கள் வெறும் கடத்துபவர்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், இந்தப் பிழை உள்ள பெண்களுக்கும் பிற்காலத்தில் சிறுநீரகம் பழுதாகலாம். மகனுக்குச் சலத்தில் புரதம் போகிறதா, காது கேட்கும் அளவு எவ்வளவு என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் பின்வாங்கில் இருந்தால் முன்னுக்கு இருத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். ரமிப்ரில், எனலப்ரில் போன்ற குளிசைகளை நேரத்தோடு தொடங்கிய பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் கைவிடுவது பல வருடங்கள் தள்ளிப் போகிறது. உங்கள் அண்ணாவின் காலத்தில் அவருக்கு அது கிடைக்கவில்லை. மகனுக்குக் கிடைக்கும்.

அடுத்த தரம் சலம் நிறம் மாறினால் இளநீரோடு நிறுத்தாமல், ஒரு சுத்தமான போத்தலில் பிடித்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அக்காவுக்கு நீர்க்கட்டி நோய். என் கிட்னி ஒன்றைக் கொடுக்கத் தயார், 28 வயது. ஸ்கான் சுத்தம். கொடுக்கலாமா? (மாங்குளம்)

பதில்: உங்கள் மனம் பெரியது. ஆனால் 28 வயதில் சாதாரண ஸ்கான் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. உங்களுக்கும் அந்தப் பிழை இருந்து, இன்னும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகளாக இருக்கக்கூடும். எம்.ஆர்.ஐ. என்ற நுணுக்கமான ஸ்கான் எடுத்து, இரண்டிலும் சேர்த்து ஐந்துக்குக் குறைவான பைகள் என்றால் உங்களுக்கு நோயில்லை என்று சொல்லலாம். அக்காவின் பிழை எது என்று தெரிந்தால் உங்கள் இரத்தத்திலும் அதையே தேடலாம். அந்த முடிவு வரும்வரை ஒப்பமிட வேண்டாம்.

கேள்வி: நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறேன், 17 வயது. அப்பாவுக்கு நீர்ப்பை நோய் என்று அவரது கிளினிக் கொப்பியைப் பார்த்துத்தான் அறிந்தேன். மென்டலின் பட்டாணிச் செடிப் பாடத்தில் வருவது போலக் கட்டம் போட்டுப் பார்த்தேன், எனக்கு 50 வீதம். வீட்டில் தெரியாமல் சோதிக்க முடியுமா? தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: பிள்ளை, கட்டம் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் பட்டாணிச் செடி கட்டத்தோடு முடிந்துவிடும், மனிதர் முடிவதில்லை. ஒரே வீட்டில், ஒரே எழுத்துப்பிழையோடு, ஒருவர் 48 வயதில் டயாலிசிசுக்குப் போனதையும் அவருடைய தங்கை 65 வயதில் தோட்டம் கொத்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். நல்ல பிரதி எந்தக் கலத்தில் எப்போது கெடும் என்பதும், பிரஷர் எப்படி இருந்தது என்பதும், இன்னும் நாங்கள் முழுவதும் அறியாத வேறு பரம்பரையலகுகளும் அதில் பங்கெடுக்கின்றன.

தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்று உன்னை எவரும் கட்டாயப்படுத்த முடியாது. தெரியாமலே இருப்பதும் உன் உரிமை. 18 ஆன பிறகு, பரீட்சை முடிந்து, மனம் ஆறுதலாக இருக்கும் ஒரு நாளில் நீயே முடிவெடு. இப்போது ஸ்கான் செய்து ஒன்றும் தெரியாவிட்டாலும் அது உறுதியான பதில் ஆகாது என்பதையும் மனத்தில் வை.

அப்பாவிடம் கதை. கொப்பியை ஒளித்து வைத்த மனிதர் ஒவ்வொரு இரவும் உன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு படுப்பார். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவருடைய கொப்பிக்குள் வைத்துவிடு.

பிரஷர் பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய், வெள்ளி பிற்பகல் நான் கிளினிக்கில்தான் இருக்கிறேன். பாடசாலை விட்டு அப்படியே சீருடையோடு வா. நம்பர் எடுத்து வரிசையில் நிற்க வேண்டாம், கதவடியில் நிற்கிற பிள்ளையிடம் "பட்டாணி" என்று சொல், உள்ளே விடுவா.